நெல்லைச் சீமைக் கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு: நியூட்ரினோவை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தும் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

நான் வள்ளியூர்ப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிற ஆசிரியை. எங்களிடம் படித்துவிட்டுப் பிள்ளைகள் உங்களிடம்தான் வருகிறார்கள், அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வருகிற கல்வியாண்டில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நியூட்ரினோ அலைவையும் (நியூட்ரினோ என்கிற நுண்துகள் போகிற வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவது), மூன்று நியூட்ரினோக்களில் எது கனம் எது லேசு என்ற இன்னும் விடை கிடைக்காத கேள்வியையும், தமிழில், கணக்குப் போட்டு, நாலைந்து வகுப்பாவது ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள். பாடத்திட்டத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் துறை மன்றக் கூட்டத்திலோ சனிக்கிழமை மதியத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தள்ளிப்போடக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கேள்விக்கு விடை நம் கண்முன்னே வரப்போகிறது. சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் ஜியாங்மென் அருகே தரைக்கு 700 மீட்டர் கீழே கட்டிய ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் 2025 ஆகஸ்டு 26 அன்று தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. அந்த நவம்பரிலேயே வெறும் 59 நாள் தரவை வைத்து, சூரிய நியூட்ரினோ சம்பந்தப்பட்ட இரண்டு எண்களை அதுவரை உலகத்தில் எல்லாரும் சேர்ந்து அளந்ததைவிடத் துல்லியமாக அளந்து காட்டினார்கள். எது கனம் எது லேசு என்கிற நிறை வரிசையை ஓரளவு உறுதியோடு சொல்ல ஆறு வருஷத் தரவு வேண்டும் என்பது அவர்கள் போட்டிருக்கிற கணக்கு. அமெரிக்காவில் டியூன், ஜப்பானில் ஹைப்பர் கமியோகாண்டே என்று இன்னும் இரண்டு பெரிய நியூட்ரினோ ஆய்வகங்களின் வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. இன்றைக்கு உங்களிடம் முதலாண்டு சேருகிற பிள்ளை முனைவர் பட்டத்துக்குப் போகும் வயதில் இந்தத் தரவெல்லாம் மேசைமேல் இருக்கும். அப்போது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த பிள்ளைகளில் நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கொஞ்சம் கசப்பானது. போன வருஷம் எங்கள் பழைய மாணவி ஒருத்தி, தன் கல்லூரிக் கருத்தரங்குக்கு நியூட்ரினோ அலைவு என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாள். “அது பிரச்சினையான தலைப்பும்மா, வேற ஏதாவது எடு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவளும் லேசரைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டாள். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. எந்தக் கல்லூரியிலும் நடந்திருக்கக்கூடிய காரியம்தான் அது. தேனி மலையில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாம் என்ற போராட்டத்தையும் கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு நியூட்ரினோ என்ற சொல் செய்தித்தாள் வழியாகத்தான் அறிமுகம். இயற்பியல் படிக்கிற பிள்ளைக்கும் அது செய்தித்தாள் வழியாகவே அறிமுகமாகி அப்படியே நின்றுவிடுவது சரியில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். இது கஷ்டமான பாடம், எம்.எஸ்சி.க்கு மேலே போனவர்களுக்கு உரியது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை என்பதை இந்த மடலிலேயே காட்டப் பார்க்கிறேன்.

கதையின் தொடக்கம் உங்களுக்குத் தெரியும். அணுக்கரு ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ளுகிற பீட்டா சிதைவில் ஆற்றல் கணக்கு இடிக்கிறது என்று 1930இல் பவுலி கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளை முன்மொழிந்தார், 1956இல் ரைன்ஸும் கோவனும் அணு உலைப் பக்கத்தில் வைத்து அதைப் பிடித்தார்கள். பிறகு ரே டேவிஸ் என்பவர் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள், துணி வெளுக்கும் கடைகளில் பயன்படுகிற குளோரின் திரவத்தை ஒரு பெரிய தொட்டியில் நிரப்பி, சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோவை வருஷக்கணக்காக எண்ணினார். கணக்குப்படி வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. தொட்டி சரியில்லை என்றார்கள், சூரியனைப் பற்றிய கணக்கு சரியில்லை என்றார்கள். இரண்டும் சரியாகவே இருந்தன. வழியில் நியூட்ரினோதான், எலக்ட்ரான், மியூவான், டௌ என்ற மூன்று வகைகளுக்குள் வகை மாறியிருந்தது. 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே, வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான் நியூட்ரினோக்கள் பூமியைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து வரும்போது குறைந்துபோவதைக் காட்டியது. 2001, 2002இல் கனடாவின் சட்பரி ஆய்வகம், சூரியனிலிருந்து மொத்தமாக வருவது கணக்குப்படியே இருக்கிறது, எலக்ட்ரான் வகையாக வருவது மட்டும்தான் குறைகிறது என்று காட்டியது. கஜிட்டாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

இதற்குள் இருக்கும் இயற்பியல் நாங்கள் பதினோராம் வகுப்பில் நடத்துகிற விம்மல்கள்தான். அதிர்வெண்ணில் லேசாக வேறுபடும் இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டினால் ஒலி ஏறி இறங்கும் அல்லவா, அதே கணக்கு. எலக்ட்ரான் வகை நியூட்ரினோ பிறக்கும்போது ஒரே நிறை கொண்ட ஒரு பொருளாகப் பிறப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நாம் எண்ணிட்டு வைத்திருக்கிற மூன்று நிறை நிலைகளின் கலவையாகப் பிறக்கிறது. நூற்றில் ஏறத்தாழ 68 பங்கு முதல் நிலை, 30 பங்கு இரண்டாம் நிலை, 2 பங்கு மூன்றாம் நிலை. நிறை வேறுபடுவதால் மூன்றின் கட்டமும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) ஒரே சீராக முன்னேறாது. போகப் போகக் கலவையின் சமன் மாறி, தூரத்தில் வைத்துப் பிடிக்கும்போது அது எலக்ட்ரான் வகையாகவும் இருக்கலாம், மியூவான் வகையாகவோ டௌ வகையாகவோ ஆகியும் இருக்கலாம். இரண்டு நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுக்கு இரண்டு அணியும் கொஞ்சம் முக்கோணவியலும் போதும். மாறாமல் தப்பும் நிகழ்தகவு என்பது, கலவையின் அளவைக் காட்டும் ஒரு எண்ணால் பெருக்கிய ஒரு சைன் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்தது. அந்த சைனுக்குள்ளே இருப்பது 1.27 பெருக்கல் நிறை வர்க்க வேறுபாடு பெருக்கல் தூரம் வகுத்தல் ஆற்றல், அவ்வளவுதான். தூரம் மீட்டரில், ஆற்றல் மெகா எலக்ட்ரான் வோல்ட்டில், நிறை வர்க்க வேறுபாடு எலக்ட்ரான் வோல்ட்டின் வர்க்கத்தில். அந்த 1.27 எங்கிருந்து வருகிறது என்பதைப் பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் போட்டுப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், அரைமணி நேர வேலை.

இந்த வாய்பாட்டிலேயே நம் கேள்வி ஒளிந்திருக்கிறது. சைன் வர்க்கத்துக்குக் கூட்டல் எது கழித்தல் எது என்று தெரியாது. வேறுபாடு எவ்வளவு என்பதை அது சொல்லும், எது மேலே எது கீழே என்பதைச் சொல்லாது. அளந்து வைத்திருப்பவை இரண்டு: சிறியது 0.000075, பெரியது 0.0025, இரண்டும் ஏறத்தாழ மதிப்புகள். சிறியது ஒன்றாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையிலானது. அதில் எது கனம் என்பது தெரிந்துவிட்டது, சொன்னது சூரியன். சூரியனின் உள்ளே எலக்ட்ரான்கள் அடர்ந்து கிடக்கின்றன, எலக்ட்ரான் வகை நியூட்ரினோ அவற்றின் ஊடே வரும்போது அதன் கட்டத்தில் ஒரு கூடுதல் சேருகிறது, அந்தக் கூடுதல் நிறை வேறுபாட்டின் குறியோடு சேர்ந்து வேலை செய்வதால் குறி வெளியே வந்துவிடுகிறது. உல்ஃபென்ஸ்டைன் 1978இலும், மிகெயெவும் ஸ்மிர்னோவும் 1985இலும் சொன்னது இது. அதனால் இரண்டு ஒன்றைவிடக் கனம் என்பது உறுதி. மூன்றாவது எங்கே? மற்ற இரண்டுக்கும் மேலே இருந்தால் இயல்பு வரிசை, இரண்டுக்கும் கீழே இருந்தால் தலைகீழ் வரிசை. இவ்வளவுதான் கேள்வி, இதற்குத்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் டி2கே, அமெரிக்காவின் நோவா என்ற நியூட்ரினோ ஆய்வுகள் இரண்டும் தங்கள் தரவைச் சேர்த்து 2025இல் வெளியிட்ட முடிவுகூட எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை.

ஜூனோ இதை எப்படிச் சொல்லப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த இயற்பியலில் இதைவிட அழகான யோசனை அதிகம் இல்லை. பெரிய வேறுபாடு என்று ஒன்றாகச் சொன்னேன், உண்மையில் அது இரண்டு: மூன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே ஒன்று, மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒன்று. இவை ஒன்றுக்கொன்று நூற்றுக்கு மூன்று அளவே வேறுபடும் (0.000075ஐ 0.0025ஆல் வகுத்துப் பாருங்கள்). ஆக அணு உலையிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோவில் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்) இரண்டு வேகமான அலைவுகள் சேர்ந்து கேட்கின்றன. அதில் மூன்று-ஒன்று அலைவுக்கு ஏறத்தாழ 70 பங்கு பலம், மூன்று-இரண்டு அலைவுக்கு 30 பங்கு. இப்போது பாருங்கள். மூன்றாவது மேலே இருந்தால், அதற்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளிதான் பெரியது, ஆக பலமான அலைவே வேகமான அலைவு. மூன்றாவது கீழே இருந்தால் அதற்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளி சிறியது, பலமான அலைவே மெதுவான அலைவு. சைன் வர்க்கம் குறியை மறைத்தாலும், பலமானதா பலவீனமானதா எது முந்துகிறது என்பதை மறைக்க முடியாது! தூரம் கூடக்கூட இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு சேர்ந்துகொண்டே போய், உலையின் ஆற்றலுக்கு ஏறத்தாழ 53 கிலோமீட்டரில் அரைச்சுற்று ஆகிவிடுகிறது. யாங்ஜியாங், தைஷான் இரண்டு அணுமின் நிலையங்களிலிருந்தும் 53 கிலோமீட்டர் தள்ளி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். பிள்ளைகளிடம் 1.27 வாய்பாட்டில் சிறிய வேறுபாட்டைப் போட்டு, சைனுக்குள் 90 பாகை வரவேண்டும், ஆற்றல் 3.2 மெகா எலக்ட்ரான் வோல்ட், தூரம் என்ன என்று கேளுங்கள். 53 கிலோமீட்டர் வந்து நிற்கும்.

அந்தக் கருவியையும் சொல்லிவிடுகிறேன். 35 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளத்துக்குள் 20,000 டன் ஒளிரும் திரவம். எதிர் நியூட்ரினோ ஒரு புரோட்டானில் மோதினால் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கும், பாசிட்ரான் உடனே ஒரு மின்னல் காட்டும், நியூட்ரான் அலைந்து ஏறத்தாழ 200 மைக்ரோ வினாடி கழித்து ஹைட்ரஜனில் சிக்கி 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரோடு இரண்டாவது மின்னல் காட்டும். இந்த ஜோடி மின்னல்தான் அடையாளம். சுற்றிலும் 20 அங்குல ஒளிப்பெருக்கிக் குழாய்கள் 17,000க்கும் மேல், 3 அங்குலக் குழாய்கள் 25,000க்கும் மேல். எதற்கு இத்தனை? நூற்றுக்கு மூன்று வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க ஆற்றலையும் நூற்றுக்கு மூன்று துல்லியத்தில் அளக்க வேண்டும், அதற்கு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 1,000 ஒளித்துகளாவது எண்ணியாக வேண்டும். 1,000இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 32, ஆயிரத்தில் 32 என்றால் மூன்று சதவீதம். எண்ணிக்கைப் பிழையைப் பற்றி நாம் ஆய்வகத்தில் சொல்லித்தருகிற அதே வர்க்கமூலம் அங்கே இத்தனை ஆயிரம் குழாய்களை வாங்க வைத்திருக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். இதை நடத்த நெல்லைச் சீமையைப் போல வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு, ஏனென்றால் கூடங்குளம் இங்கேதான் இருக்கிறது. அங்கே ஓடுகிற இரண்டு உலைகளும் ஒவ்வொன்றும் 3,000 மெகாவாட் வெப்பம் தருபவை. ஒரு அணுக்கருப் பிளவுக்கு ஏறத்தாழ 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெப்பமும் ஆறு எதிர் நியூட்ரினோவும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முழுத் திறனில் ஓடும்போது இரண்டு உலையும் சேர்ந்து வினாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 21 சைபர் போட்ட அளவு எதிர் நியூட்ரினோக்களை வெளியிடுகின்றன. திருநெல்வேலி டவுன் அங்கிருந்து நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. கோளப் பரப்பால் வகுத்தால் டவுனில் நிற்கிற ஒருவரின் உடம்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 25 லட்சம் கடந்துபோகின்றன. படித்ததும் பயம் வரும், அதனால் உடனே அடுத்த எண்ணையும் சொல்ல வேண்டும்: சூரியனிலிருந்து அதே சதுர சென்டிமீட்டர் வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி போகின்றன, பகலிலும் இரவிலும், பூமி தோன்றிய காலத்திலிருந்து. பெரும்பாலும் பூமியையே ஒன்றும் செய்யாமல் துளைத்துக்கொண்டு போகிறவை அவை.

“டீச்சர், அப்பம் கூடங்குளத்துல இருந்து வார நியூட்ரினோவும் வழியில மாறிருமா?” என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். மாறும். டவுன் தூரத்தில், 3.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலுள்ளவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது வேறு வகையாகிவிட்டிருக்கும். வரைபடத்தில் கூடங்குளத்தை மையமாக வைத்து 53 கிலோமீட்டரில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அது பாளையங்கோட்டைக்குச் சில கிலோமீட்டர் தெற்கே ஓடும், மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பக மலைக்குள் புகும், கிழக்கே குலசேகரப்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே கடலில் இறங்கும். உலகத்தின் பெரிய கேள்விகளில் ஒன்று தன் ஊர் வழியாகப் போகிறது என்று தெரிந்த பிள்ளை அந்தக் கணக்கை மறக்காது. புலிகள் காப்பகத்துக்குள் ஒரு கருவி கட்டுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அப்படி ஒரு எண்ணமே எனக்கு இல்லை. இது வகுப்பறையில் போடுகிற வட்டம்.

தேனியைத் தொடாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இந்திய நியூட்ரினோ ஆய்வகம் முதலில் நீலகிரியின் சிங்காராவில் திட்டமிடப்பட்டு, முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில் இருப்பதால் 2009இல் கைவிடப்பட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி வைத்துக் கருவி அமைப்பது திட்டம். 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது, அதே வருஷம் வழக்கும் தடையும் வந்தன, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போய், 2022இல் தமிழ்நாடு அரசு இதை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள், கதிர்வீச்சு பரவும் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அந்தக் கருவிக்குள் இருக்க வேண்டியது இரும்பும் அதற்கு நடுவே வாயு நிரப்பிய கண்ணாடித் தட்டுகளும்தான், கழிவு எதுவும் கிடையாது. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் பாறை உடைப்பது, தண்ணீர், மதிகெட்டான் பெரியாறு புலி வழித்தடம் என்று கேட்டவர்களின் கேள்வி முழுக்க நியாயமானது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சூழலியல், நியூட்ரினோ இயற்பியல் அதற்குப் பதில் தராது. இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிந்தவர்கள் ஊரில் போதுமான அளவு இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். ஆதரித்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் எத்தனை பேருக்கு அந்த இரும்பு எதற்கு என்று தெரியும்?

அந்த இரும்பு எதற்கு என்றால், நிறை வரிசைக்குத்தான். வளிமண்டலத்தில் பிறந்து பூமியின் ஊடே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் நியூட்ரினோவுக்கும் எதிர் நியூட்ரினோவுக்கும் பூமியிலுள்ள எலக்ட்ரான்கள் எதிரெதிர்க் குறியில் கட்டத்தைக் கூட்டுகின்றன. இயல்பு வரிசையாக இருந்தால் நியூட்ரினோவின் அலைவு பெருகித் தெரியும், தலைகீழாக இருந்தால் எதிர் நியூட்ரினோவினுடையது. காந்தமாக்கிய இரும்பில் எதிர் மின்னூட்ட மியூவான் ஒரு பக்கம் வளையும், நேர் மின்னூட்ட மியூவான் மறுபக்கம் வளையும், ஆகவே வந்தது எது என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். தண்ணீர்த் தொட்டிக் கருவிகளால் இப்படி நேராகப் பிரிக்க முடியாது. ஜூனோவின் வழியிலிருந்து முற்றிலும் வேறான வழி இது, ஒரே கேள்விக்கு இரண்டு வேறு வழிகளில் ஒரே விடை வந்தால்தான் இயற்பியலில் நம்பிக்கை வரும். அந்த வாய்ப்பு நம் கையில் இருந்தது, இன்றைக்கு அது நகராமல் நிற்கிறது. அது எழும்புமா என்பதை நானும் நீங்களும் முடிவு செய்யப் போவதில்லை. ஆனால் அந்த யோசனையைப் படிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அப்புறம், இது நமக்கு அந்நியமான துறை என்றும் யாரும் சொல்ல முடியாது. வளிமண்டல நியூட்ரினோவை உலகம் முதன்முதலில் பார்த்த இடங்களில் ஒன்று, 1965இல், கோலார் தங்கவயலில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்துக் குழுக்களும் சேர்ந்து செய்தார்கள், அதே வருஷம் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவும் பார்த்தது. கோலாரில் அந்த ஆழத்துக்கு இறங்கி வேலை பார்த்த தொழிலாளிகளில் பெரும்பகுதி தமிழ் பேசுகிறவர்கள். நம் திருநெல்வேலியிலேயே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதால் அங்கே அமைத்தார்கள். அதே காரணத்தால்தான் தென்னிந்தியாவில் குறைந்த ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் பூமியின் காந்தப் புலத்தால் திருப்பி விடப்படுகின்றன, இங்கே பிறக்கும் வளிமண்டல நியூட்ரினோவின் எண்ணிக்கையும் ஜப்பானிலோ கனடாவிலோ இருப்பதுபோல் இருக்காது. மாணவர்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போக அனுமதி கேளுங்கள்.

வரிசை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். மூன்று நிறையும் சேர்த்து, இயல்பு வரிசையில் குறைந்தபட்சம் ஏறத்தாழ 0.06 எலக்ட்ரான் வோல்ட், தலைகீழில் 0.1. இது சின்ன எண்தான், ஆனால் பிரபஞ்சத்தில் நியூட்ரினோக்கள் அத்தனை நிறைந்திருப்பதால் விண்மீன் மண்டலங்கள் கூடும் விதத்தையே அது தொடுகிறது, இப்போது வானியல் அளவீடுகள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் ஒன்றேதானா என்று தேடுகிற இரட்டை பீட்டா சிதைவுச் சோதனைகளுக்கும், எவ்வளவு பெரிய கருவி கட்ட வேண்டும் என்பதை இந்த வரிசைதான் சொல்லும். நம் ஊர்ப் பிள்ளையிடம் இதற்கு மேல் ஒரு உபயோகம் காட்டி ஆசைகாட்ட நான் விரும்பவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையே போதுமான காரணம் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வார்கள்?

நேரம் இல்லை என்பீர்கள். உள்மதிப்பீடு, தேர்வு, கல்லூரித் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வருகை என்று உங்கள் நாட்கள் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியும், எங்கள் பள்ளியிலும் அதே கதைதான். அதனால் புதிய தாள் எதுவும் கேட்கவில்லை. குவாண்டம் இயந்திரவியலில் இரண்டு நிலை அமைப்பு நடத்தும்போது எடுத்துக்காட்டாக நியூட்ரினோவைப் போடுங்கள். அணுக்கரு இயற்பியலில் பீட்டா சிதைவு நடத்துகிற மணியில் கூடங்குளக் கணக்கைப் போடுங்கள். கணினி ஆய்வகத்தில் பைத்தான் இருந்தால் ஜூனோவின் இரண்டு வரைகோடுகளையும், இயல்பு ஒன்று தலைகீழ் ஒன்று, பிள்ளைகளே வரைந்து, ஆற்றல் துல்லியத்தை மூன்று சதவீதத்திலிருந்து ஆறு சதவீதமாக்கினால் இரண்டும் எப்படிக் கலந்து அடையாளம் தெரியாமல் போகின்றன என்று பார்க்கட்டும். வாய்வழிப் பாடத்தைவிட அந்த ஒரு படம் அதிகம் சொல்லும்.

தமிழில் என்று ஏன் சொல்கிறேன் என்றும் கேட்கலாம். தமிழ்வழியில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு உங்களிடம் வருகிற பிள்ளைகள், கணக்கைப் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் சந்தேகம் கேட்க வாய் திறப்பதில்லை. இந்தப் பாடத்தில் சந்தேகம் கேட்காமல் ஒரு அடிகூடப் போக முடியாது. அலைவு, கட்டம், நிகழ்தகவு, அணி எல்லாம் அவர்கள் ஏற்கெனவே அறிந்த சொற்கள். நாலு வகுப்பாவது அவர்கள் மொழியில் சண்டை போடட்டும், தேர்வை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

கருத்தரங்குத் தலைப்பைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவி இந்த வருஷம் உங்கள் துறையிலேயே எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். மறுபடி அதே தலைப்பைக் கொண்டுவருவாள். இந்த முறை மேடையைக் கொடுங்கள், தேனிக்காரர்களும், கூடங்குளத்தை எதிர்த்த இடிந்தகரைக்காரர்களும் வந்தால் அவர்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள், கேள்வி கேட்கட்டும். அவள் பதில் சொல்லுவாள்.

மேலே சொன்ன கணக்குகளை எல்லாம் தீர்வோடு தமிழில் ஒரு பயிற்சித்தாளாக எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் துறைக்கு வேண்டுமென்றாலும் இந்த மடலுக்குக் கீழே பதில் போடுங்கள், ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் முன் அனுப்பிவிடுகிறேன். திருத்தம் இருந்தால் திருத்தியே பயன்படுத்துங்கள். சனிக்கிழமைகளில் வந்து நடத்தவும் தயார், பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
வள்ளியூரிலிருந்து ஒரு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை